பசைக்கு மூன்றாவது நன்மை

1

இந்தக் கதை ஒரு போர்டிலிருந்து வந்தது. அந்த போர்டை எழுதியவள் நான். தப்பாக எழுதியவளும் நான்தான். இதை முதல் பத்தியிலேயே சொல்லித் தொலைக்கிறேன். இல்லாவிட்டால் எட்டுப் பக்கம் சுற்றி வளைத்துவிட்டு மெல்ல நழுவப் பார்ப்பேன். என் புத்தி எனக்குத் தெரியும்.

கானாவுக்கு வந்து பதினேழு வருஷமாகிறது. ஹோ என்ற ஊரில், மார்க்கெட்டுக்குப் பின்புறம் எனக்கு ஒரு பிரிண்டிங் கடை. துக்கப் போஸ்டர், சர்ச் நோட்டீஸ், சங்கத் தேர்தல் போஸ்டர் எல்லாம் அடிப்பேன். என் பெயர் கோமதி. இந்த ஊர் அதை 'மேடம் கோமா' ஆக்கிவிட்டது. நினைவு தப்பிக் கிடப்பவளைக் கூப்பிடுவது போல இருக்கும், பழகிவிட்டது. எனக்கும் பக்கத்து சலூனுக்கும் நடுவில் ஒரே ஒரு பலகைச் சுவர். அங்கே சிரித்தால் இங்கே கேட்கும்.

சலூன்காரி கஃபுயி போன ஆகஸ்டில் வந்து சொன்னாள்: "மேடம், வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்வியக் கேக்கறாங்க. ஒட்டுமுடியத் தைக்கறது நல்லதா, ஒட்டறது நல்லதா, கொக்கியா, வளையமான்னு. சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. ஒரு போர்டு எழுதி மாட்டிடுங்க."*

எழுதினேன். ஒவ்வொரு முறைக்கும் மூன்று நன்மை, மூன்று தீமை. கட்டம் போட்டு, கலர் கொடுத்து, பார்க்க அம்சமாக இருந்தது. பசைக்கு மட்டும் இரண்டு நன்மைதான் அகப்பட்டது: சீக்கிரம் முடியும், தட்டையாகப் படியும். மூன்றாவது கட்டம் காலியாகக் கிடந்தது. காலிக் கட்டம் எனக்கு ஆகாது. 'வீட்டிலேயே போட்டுக்கொள்ளலாம்' என்று எழுதி நிரப்பினேன்.

அதை அகோர்ஃபா படித்தாள்.

(* இவர்கள் பேசுவது ஈவே மொழி, நடுநடுவே இங்கிலீஷ். பதினேழு வருஷத்தில் அது என் காதில் தமிழாகத்தான் விழுகிறது. அப்படியே எழுதுகிறேன்.)

2

அடித்துப் போட்ட தொடக்கங்கள்:

'பழனியில் முடியிறக்கிய ஒருத்தியின் கூந்தல், மூட்டை மூட்டையாகக் கப்பலேறி—'

வேண்டாம். நீங்கள் எதிர்பார்த்தது இதுதான், தெரியும். தமிழ்க்காரி ஆப்பிரிக்க முடியைப் பற்றி எழுத வந்தால் பழனி இல்லாமலா? ஆனால் அகோர்ஃபா தலையில் ஒட்டிக்கொண்டது பிளாஸ்டிக் நார். அது எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொண்டதல்ல.

'சுருள்முடி என்பது வேரிலிருந்தே வளைந்து வளர்வதால், தலையின் எண்ணெய் நுனிவரை—'

இதற்குப் பின் பதினோரு வரி. அத்தனையும் பாடப்புத்தகம். கஃபுயிக்குப் படித்துக் காட்டினேன். "முடியே இல்லாத நீங்க முடியப் பத்திப் பாடம் எடுக்கறீங்களே மேடம். உங்க தலைல இருக்கறத ஊசியில கோத்துப் பட்டன் தைக்கலாம்" என்றாள். என்ன செய்ய, உண்மைதான். ஐம்பது வயதில் எனக்கு எலிவால் அளவுக்குத்தான் மிச்சம்.

மூன்றாவது தொடக்கம் நின்றது. அது இது:

அகோர்ஃபா கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலைத்துணியை அவிழ்த்தாள்.

3

அகோர்ஃபாவுக்கு நாற்பத்து நாலு வயது. தையல்காரி. பஸ் ஸ்டாண்டு ரோட்டில் மூன்று மெஷின் போட்ட கடை. அவள் தைத்த சட்டையில் ஒரு சுருக்கத்தைக் காட்ட யாராலும் முடியாது. ஹோ தையல்காரிகள் சங்கத்தின் தலைவி பதவிக்கு நிற்கிறாள். அந்த நாற்காலியில் ஒன்பது வருஷமாக உட்கார்ந்திருப்பவள் மேடம் யாய்ரா. தொழில் பழகும் பெண்களுக்குச் சங்கம் ஒரு பரீட்சை வைக்கும். யாய்ராவின் கடைப் பெண்கள் முதல் தடவையே தேறிவிடுவார்கள். மற்ற கடைப் பெண்களை, காலர் கோணல், கைக்குழி கோணல் என்று ஏதாவது சொல்லி இன்னொரு வருஷம் உட்கார வைப்பார்கள். அகோர்ஃபாவின் கடையில் ஒருத்தி நாலு தடவை எழுதிவிட்டாள். அதற்காகத்தான் நிற்கிறாள். தேர்தல் வருகிற சனிக்கிழமை.

போஸ்டர் அடித்தது நான். அதில் அகோர்ஃபாவுக்குத் தோள்வரை முடி.

அந்தப் போட்டோவுக்காகத்தான் பசை வாங்கிவந்து வீட்டிலேயே தானே ஒட்டிக்கொண்டாள். போர்டில் அப்படித்தானே போட்டிருந்தது. பத்து நாள் கழித்து எடுக்கும்போது எண்ணெய் விட்டு ஊறவைத்து, விரலால் உருட்டி உருட்டி எடுக்க வேண்டும். அவள் தையல்காரி. பழைய தையலைப் பிரிக்கிற கை. ஒரு முனையைப் பிடித்தாள், ஒரே இழுப்பு. துணியாக இருந்தால் நூல் போயிருக்கும். இங்கே நூல் நின்றது, துணி போனது.

தலைத்துணியை அவிழ்த்தபோது நான் பார்த்தேன். இடது பக்கம் நெற்றிப்பொட்டுக்கு மேலே இரண்டு விரல் அகலத்துக்கு ஒன்றுமில்லை. வலது பக்கம் பாதி.

"நர்ஸம்மா என்ன சொன்னாங்க டாவி?" என்று கஃபுயி கேட்டாள். டாவி என்றால் அக்காதான்.

"வேர்க்கண்ணு இன்னும் தெரியுதாம். ஆறு மாசம் அந்த இடத்துல எதுவும் படக் கூடாதாம். விட்டு வெச்சா முளைக்கலாம். இன்னொரு தடவ இழுபட்டா தோல் பளபளன்னு ஆயிடுமாம். அப்புறம் இந்த ஜென்மத்துக்கு இல்ல."

"அப்ப தலைத்துணியோடயே மேடைக்குப் போங்க."

"போஸ்டர்ல முடி, மேடைல துணியா? தன் தலையவே பாத்துக்கத் தெரியாதவ சங்கத்தப் பாத்துப்பாளான்னு யாய்ரா கேப்பா. தையல்காரி கந்தலா நின்னா எவ துணி குடுப்பா?"

இதுதான் விஷயம். சனிக்கிழமை முடி வேண்டும். அந்த இரண்டு விரல் இடமும் பிழைக்க வேண்டும்.

( யாய்ரா அப்படிக் கேட்டதாக எனக்குத் தகவல் இல்லை. இந்தக் கதையில் அவள் வாயே திறக்கவில்லை. அவள் பேச்செல்லாம் மற்றவர்கள் பேசியது. அவள் தரப்பு என்ன என்று போய்க் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, நான் அகோர்ஃபா கட்சி.)

4

கஃபுயியைப் பற்றி எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. முதல் பிரதியில் அவளை ரொம்ப நல்லவளாக எழுதிவிட்டேன். அகோர்ஃபாவைக் கட்டிக்கொள்கிறாள், கண் கலங்குகிறாள், 'நான் இருக்கேன் டாவி' என்கிறாள். அடித்துவிட்டேன். நடந்தது வேறு.

அகோர்ஃபாவை அங்கேயே உட்கார வைத்துவிட்டு, போர்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் கடைக்குள் வந்தாள். மெஷின் மேல் அதைப் போட்டாள்.

"பசை வரிசைல மூணாவது கட்டம். படிங்க."

படித்தேன்.

"இத நான் சொன்னேனா?"

"இல்ல."

"பின்ன ஏன் எழுதினீங்க?"

"கட்டம் காலியா இருந்துச்சு."

"காலியா இருந்தா காலியா விட வேண்டியதுதானே மேடம்."

முப்பத்தாறு வயதுப் பெண். என் மகள் வயசு என்று சொல்ல முடியாவிட்டாலும் தங்கை வயசு. அவள் முன்னால் நின்றது போல இந்த ஊரில் நான் யார் முன்னாலும் நின்றதில்லை. வெட்கமாக இருந்தது. 'நீயும்தான் படிக்காம ஆறு மாசம் மாட்டி வெச்சிருந்தே' என்று நாக்கு நுனிவரை வந்தது. சொல்லியிருந்தால் நியாயமாகத்தான் இருந்திருக்கும். சொல்லாததற்கு இப்போதுகூட ஒரு சின்ன எரிச்சல் இருக்கிறது, மறைப்பானேன்.

"நாளைக்கு மூணு பேரும் உக்காருவோம். இந்தத் தடவ நான் சொல்றத மட்டும் எழுதுங்க" என்றாள்.

5

ஆகவே இந்தப் பகுதி கட்டுரை. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம் என்று எழுதத் தோன்றுகிறது. தாண்டாதீர்கள். அகோர்ஃபாவின் நெற்றி இதில்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை மத்தியானம், சலூன். கஃபுயி சொல்லச் சொல்ல நான் எழுதினேன். அகோர்ஃபா தலைத்துணியோடு நாற்காலியில் சாய்ந்து எல்லாவற்றுக்கும் ஒரு தீர்ப்பு வைத்திருந்தாள்.

தைப்பது. சொந்த முடியை மண்டையோடு ஒட்டி வரிசை வரிசையாகப் பின்னி, வளைந்த ஊசியால் ஒட்டுமுடிப் பட்டையை அந்தப் பின்னல் மேல் தைப்பது. எட்டு வாரம் தாங்கும். உள்ளே சொந்த முடி பத்திரமாக இருக்கும். ஆனால் பாரம். இறுக்கிப் பின்னினால் முதல் மூன்று ராத்திரி தலையணையில் சாய முடியாது, பாராசிட்டமால் போட்டுக்கொண்டு உட்கார்ந்தே தூங்குவார்கள். வலித்தால்தான் வேலை சுத்தம் என்று இங்கே எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை.

"வலிச்சா சுத்தம்னு அர்த்தம் இல்ல, இழுபடுதுன்னு அர்த்தம்" என்றாள் கஃபுயி. "எவ கேக்கறா? தளர்வாப் பின்னினா, கஃபுயி கைக்கு வயசாயிடுச்சுன்னு அடுத்த சலூனுக்குப் போயிடறா."

"நான்தான் போயிருக்கேன்" என்றாள் அகோர்ஃபா. "எனக்குச் சுருக்கம் ஆகாது. நெத்தித் தோல் வழவழன்னு இழுத்துக் கட்டினாத்தான் எனக்கு நிம்மதி."

டேப். இரண்டு பக்கமும் ஒட்டுகிற நாடாவால் ஒட்டுமுடியைப் பிடிக்க வைப்பது. நேரான மெல்லிய முடிக்காகச் செய்தது. சுருள்முடிக்குத் தினம் எண்ணெய் வேண்டும், எண்ணெய் பட்டால் டேப் வழுக்கும். எண்ணெய் வைக்காவிட்டால் முடி ஒடியும். அகோர்ஃபாவின் தீர்ப்பு: "மடிப்புக்கு டேப் ஒட்டின பாவாடை. ஒரு தடவ துவைச்சா போச்சு."

வளையம். கொத்துக் கொத்தாக முடியை எடுத்துச் சின்ன வளையத்துக்குள் விட்டு நசுக்கி, அதில் ஒட்டுமுடியை மாட்டுவது. பின்ன வேண்டாம். தலையை நன்றாக அலசலாம், காற்றுப் போகும். ஆனால் ஒரு சின்னக் கொத்து ஒரு பெரிய பாரத்தைச் சுமக்கும். முடி வளர வளர வளையத்துக்கு அடியில் சுருண்டு சிக்கிக்கொள்ளும். "லேஸ் துணில கல்லுப் பட்டன். கிழியும்."

கொக்கி. பின்னிய வரிசைக்குள் கொக்கி ஊசியை விட்டு, உதிரி முடியை இழுத்து முடிச்சுப் போடுவது. லேசு. மூன்று மணி நேரத்தில் முடியும், பின்னல் தளர்வாக இருந்தாலும் நிற்கும். ஆனால் முன்பக்கம் முடிச்சு தெரியாமல் இருக்க நெற்றி ஓரம்வரை பின்ன வேண்டும். அந்த ஓரம்தானே நம்மிடம் இல்லை.

பசை. இங்கே கஃபுயி நிறுத்தினாள்.

"சீக்கிரம் முடியும். தட்டையாப் படியும். அவ்வளவுதான். எழுதிக்கங்க" என்றாள்.

எழுதிக்கொண்டேன். மூன்றாவது கட்டத்தை விட்டுவிட்டேன்.

எல்லாம் முடிந்ததும் அகோர்ஃபா எழுந்து என் காகிதத்தை எட்டிப் பார்த்தாள். "இதுல ஒண்ணுகூட எனக்கு இல்ல" என்றாள். குரலில் அழுகை இல்லை, வாடிக்கையாளர் கொண்டுவந்த துணி பற்றாது என்று சொல்கிற குரல். அப்புறம் கேட்டாள்: "கஃபுயி, நைஞ்ச துணி குடுத்து அதுல பாசி வேலை பண்ணச் சொன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"பண்ண மாட்டேன்னு சொல்லுவீங்க."

"சொல்ல மாட்டேன். உள்ள லைனிங் குடுப்பேன். பாசியெல்லாம் லைனிங்ல தைப்பேன், துணி சும்மா மேல கிடக்கும். தலைக்கு லைனிங் கிடையாதா?"

கஃபுயி அவளையே பார்த்தாள். "வலை இருக்கு டாவி. வலைத்தொப்பி."

"நடு மண்டைல நல்ல முடி இருக்கு. அங்க மட்டும் பின்னு, தளர்வா. பின்னலோட வலையப் பிடி. பட்டையெல்லாம் வலைல தை. ஓரம் நெடுக ரெண்டு விரல் விட்டுடு. அங்க பின்னாத, தைக்காத, ஒட்டாத."

"ரெண்டு விரல் விட்டா முன்னாடி வெறிச்சுன்னு தெரியுமே."

"நெத்தில விழற மாதிரி முன்முடி வெட்டு. மறைச்சுக்கும்."

"மறைக்கும். ஆனா பிடிச்சு நிக்காது" என்றாள் கஃபுயி.

நான் காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் மெஷினுக்கும் காகிதத்தில் ஓரம் விட வேண்டும், அந்த இடத்தைப் பிடித்துத்தான் தாளை உள்ளே இழுக்கும். அங்கே எழுத்தைக் கொண்டுபோய் வைத்தால் நசுங்கும். துணிக்கு ஓரம், தலைக்கு ஓரம், தாளுக்கு ஓரம். தமிழில் மூன்றுக்கும் ஒரே சொல்தான் என்று சொன்னேன். கஃபுயி 'ஓரம், ஓரம்' என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். என் போர்டில் நன்மை இருந்தது, தீமை இருந்தது. ஓரத்துக்கு என்ன ஆகும் என்று ஒரு கட்டம் இல்லை. அதைத்தான் முதலில் போட்டிருக்க வேண்டும்.

6

வெள்ளிக்கிழமை காலை கஃபுயி வேலையை ஆரம்பித்தாள். சுவருக்கு இந்தப் பக்கம் நான் முடிவுகளை எழுதினேன். நாளைக்குத்தான் தேர்தல், ஆனால் எனக்குப் பொறுக்கவில்லை.

முடிவு ஒன்று: சனிக்கிழமை. அகோர்ஃபா மேடை ஏறினாள். ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. ஜெயித்தாள்.

இது போஸ்டர். கதை இல்லை.

முடிவு இரண்டு: பேச்சின் நடுவே அகோர்ஃபா நிறுத்துகிறாள். இரண்டு கையாலும் முடியைக் கழற்றி மேஜை மேல் வைக்கிறாள். வெறும் நெற்றியோடு நிமிர்ந்து நிற்கிறாள். கூடம் நிசப்தமாகிறது. பின் வரிசையில் யாரோ ஒருத்தி கைதட்ட—

எழுதும்போதே எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நோட்டை எடுத்துக்கொண்டு சலூனுக்கு ஓடினேன். அகோர்ஃபா பாதிப் பின்னலோடு உட்கார்ந்து, மடியில் அபோலோ என்கிற சோளமாவு அப்பமும் பொரித்த மீனும் வைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். நோட்டைத் திருப்பிப் பார்த்தாள். "உங்க எழுத்தே எங்க முடி மாதிரிச் சுருண்டுதான் இருக்கு. படிங்க" என்றாள். படித்துச் சொன்னேன்.

மீனை வைத்துவிட்டாள். "மேடைல என் தலைய அவுத்துட்டீங்களா?"

"அது ஒரு துணிச்சல்—"

"துணிச்சல் வேணும்னா உங்க தலைய மழிச்சுக்கங்க."

கஃபுயி சீப்பைக் கடித்துக்கொண்டு சிரித்தாள்.

"எனக்கு முடி வேணும் மேடம். அது என் ஆசை. வழுக்கையோட நின்னா நான் பெரிய மனுஷி, முடியோட நின்னா ஏமாத்துக்காரியா? எங்க முடியப் பத்தி எழுத வர்றவங்க எல்லாரும் கடைசில அதக் கழட்டத்தான் பாக்கறீங்க. இவளுக்கு நாலு மணி நேர வேலை இது. மேஜைல வைக்கறதுக்கா தைக்கறா?"

அடித்துவிட்டேன். நல்ல பத்தி, அதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

7

மத்தியானம் தாண்டி வேலை முடிந்தது. கஃபுயி முன்முடியைக் கத்தரித்து, சீவி, நாற்காலியைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினாள். நான் மூலையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தேன்.

அழகாக இருந்தது. போஸ்டரில் இருந்ததைவிட அழகு. அகோர்ஃபா வலப்பக்கம் பார்த்தாள், சரி. இடப்பக்கம் பார்த்தாள், சரி. டேபிள் ஃபேன் அந்தப் பக்கம் திரும்பியது. இடது மூலையில் முன்முடி எழும்பி, அடியில் இருந்த வெறும் தோல் தெரிந்தது. ஃபேன் திரும்பிப் போனதும் படிந்தது. அடியில் பிடிக்க ஒன்றுமில்லை, விட்ட இரண்டு விரல் அப்படித்தான் செய்யும். வெளியே ஹர்மத்தான் காற்று மூன்று நாளாக நிற்காமல் புழுதியை வாரிக்கொண்டிருந்தது. சங்கக் கூட்டம் நடப்பதோ நாலு பக்கமும் திறந்த கொட்டகையில்.

கஃபுயி மேஜை டிராயரைத் திறந்து பசை பாட்டிலை எடுத்தாள்.

"டாவி, ரெண்டே சொட்டு. இந்த மூலைல மட்டும். நாளைக்குக் கூட்டம் முடிஞ்ச உடனே வாங்க, நானே எண்ணெய் விட்டு ஊற வெச்சு எடுக்கறேன். இழுக்க மாட்டேன். சத்தியமா."

இழுக்க மாட்டாள். கஃபுயி சொன்னால் செய்கிறவள். இரண்டு சொட்டால் அநேகமாக ஒன்றும் ஆகாது. அநேகமாக. நர்ஸ் சொன்னது, எதுவும் படக் கூடாது.

வாசகரே, கதையை இங்கே நிறுத்துவதாகத்தான் திட்டம். பாட்டிலை உங்கள் கையில் கொடுத்துவிட்டு நான் எழுந்து போவேன். போடலாமா, கூடாதா, நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள் என்று எழுதியும் விட்டேன். இந்த மாதிரிக் கதைக்கு அது மரியாதையான முடிவு.

"என்ன மேடம், நோட்ட மூடிட்டீங்க?" என்று அகோர்ஃபா கண்ணாடியில் கேட்டாள்.

"இதோட நிறுத்தறேன். அந்த ரெண்டு சொட்டு போடலாமா வேணாமான்னு படிக்கறவங்க முடிவு பண்ணட்டும்."

நாற்காலியோடு திரும்பினாள். "அவங்க தலையா இது?"

மூடிய நோட்டை மறுபடி திறந்தேன்.

"போர்டயும் இப்படித்தான எழுதி விட்டீங்க. படிக்கறவ பாத்துக்கட்டும்னு."

'நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்' என்று மேலே எழுதிய வரியை அவள் பார்க்கும்படியாகவே அடித்தேன். அடித்ததை எடுக்காமல் இங்கேயே விட்டிருக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

அகோர்ஃபா கஃபுயியிடம் கையை நீட்டினாள். பாட்டிலை வாங்கி, மூடியைத் திருகி இறுக்கி, அவளிடமே திருப்பிக் கொடுத்தாள். "உள்ள வை."

"நாளைக்கு யாய்ரா முன் வரிசைல உக்காந்திருப்பா டாவி. காத்து அடிச்சா தூக்கும்."

"தூக்கட்டும். நான் பரீட்சையப் பத்திப் பேசப் போறேன். நெத்தியப் பத்திப் பேசறவ பேசிக்கட்டும்." என் பக்கம் திரும்பினாள். "இத எழுதுங்க மேடம். அகோர்ஃபா பசை வேணாம்னுட்டா. தூக்கினா தூக்கட்டும்னுட்டா. நானே சொன்னேன்னு போடுங்க."

போட்டேன்.

"ஜெயிச்சீங்களா தோத்தீங்களான்னு கேப்பாங்களே" என்றேன்.

"அத ஞாயித்துக்கிழமை மார்க்கெட்டுக்கு வந்து கேக்கச் சொல்லுங்க."

கைப்பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். நான் வாசல்வரை போனேன். ரோட்டில் இறங்கியதுமே காற்று வந்தது. முன்முடி முழுசாக எழும்பி, இடது நெற்றி அத்தனை வெளிச்சத்தில் அப்படியே தெரிந்தது. எதிரே பழக்கடையில் நின்ற இரண்டு பெண்கள் பார்த்தார்கள். அகோர்ஃபா அவர்களுக்கு வணக்கம் சொன்னாள், நெற்றிக்குக் கையைக் கொண்டுபோகாமல் நடந்தாள்.